அரை டேங்குக்கு ஒரு மாசம்

என்றும் என் மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் தையல் மிஷினும் நலம். மிஷினுக்கு மட்டும் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அங்கே நீங்களும் அண்ணியும் உங்கள் வலது முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று அண்ணி கேட்பார்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் உம் கொட்டுவேன். வைத்த பிறகுதான் நான் சொல்ல நினைத்ததில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்று தெரியவரும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான். வரிகள் கொஞ்சம் ஏறி இறங்கிப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் துணியில்தான் நேராகப் போக வரும்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தன் வந்து என் புது வண்டியை எடுத்துக்கொண்டு போகப்போகிறாராம். நீங்களும் போனில் அவரிடம் "சரி, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டீர்களாம். அண்ணா, இதுவரை நீங்கள் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தினேன். தையல் கற்றுக்கொள்ளச் சொன்னீர்கள், கற்றுக்கொண்டேன். பஸ் கண்டக்டரைக் கட்டிக்கொள்ளச் சொன்னீர்கள், கட்டிக்கொண்டேன். ஆனால் இந்த வண்டியை மட்டும் விட முடியாது. நீங்களே கொழுந்தனைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை தாளும். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

என் வீட்டுக்காரருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது, எனக்கும் தெரியாது, அது உங்களுக்கே தெரியும். ஆனாலும் ஒரு நாள் அவர், வண்டிப் படம் போட்ட ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து ஓடிக்கொண்டிருந்த மிஷின் மேலேயே வைத்தார். "இது என்னங்க?" என்றேன். "காம்பாக்ட் எஸ்யூவி" என்றார். "அப்படின்னா?" "வெளியே பார்த்தா பெரிய வண்டி, உள்ளே பார்த்தாலும் பெரிய வண்டி, விலையில மட்டும் சின்ன வண்டி." "நமக்குத்தான் ஓட்டத் தெரியாதே?" "எனக்குப் பாதி தெரியுமே. இத்தனை வருஷமா பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு 'வா, வா, வரலாம்'னு எவன் சொன்னான்? மீதிப் பாதியைக் கத்துக்க எவ்வளவு நேரம் ஆகும்?" வேலை பார்த்த காலமெல்லாம் நின்றுகொண்டே பயணம் செய்த மனுஷன், ஒரு தடவை உட்கார்ந்து போகட்டுமே என்று நானும் சரி என்றேன். புக் செய்துவிட்டு வந்தவர், வண்டி வருவதற்குள் போய்விட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீங்கள் வந்து பார்த்ததுதான்.

அண்ணா, அடுத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அவர் போனதிலிருந்து இந்த வண்டி கண்ணில் படும்வரை நான் ஒரு அழுகையைக்கூட முழுசாக அழுததில்லை. அழுகை வராமல் இல்லை, இடம் கிடைக்கவில்லை. முன்னறையில் கடை. யார் எப்போது துணியோடு நுழைவார்கள் என்று சொல்ல முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அளவெடுத்தால் கழுத்து கோணிப்போகிறது, கழுத்து கோணினால் சண்டைக்கு வருகிறார்கள். உள்ளறைக்குப் போனால் மேலே மாடிவீட்டம்மா. நான் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினால் போதும், அவர்களுக்குக் கேட்டுவிடும். தடதடவென்று இறங்கி வந்து, என்னைக் கட்டிப்பிடித்து, என்னைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, "அழாதீங்கம்மா, நடந்தது நடந்துபோச்சு" என்று தேற்றி மேலே ஏற்றிவிட வேண்டும். என் கொழுந்தன் குழாய் வேலை பார்ப்பவர் இல்லையா, அவர் வந்திருக்கும்போது நான் கண்ணைக் கசக்கினால் உடனே எழுந்துபோய் சமையலறைக் குழாயைத் திருகுவார். "எங்கேயோ ஒழுகுது அண்ணி" என்பார். என் வீட்டில் இப்போது எந்தக் குழாயையும் மனுஷக் கையால் திறக்க முடியவில்லை, அவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறார். நீங்களோ போனில் என் குரல் கொஞ்சம் கம்மினாலே "தைரியமா இரு, தைரியமா இரு" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருத்தராவது என்னை அழ விட்டீர்களா?

இந்த லட்சணத்தில் ஒரு நாள் ஷோரூமிலிருந்து போன். "வண்டி வந்துடுச்சு மேடம், சார் இருக்காரா?" "இல்லம்மா." "எப்ப வருவார்?" அந்தப் பெண்ணின் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. "அவர் வரமாட்டாரும்மா, நானே வர்றேன்" என்றேன். கேன்சல் செய்யத்தான் போனேன், சத்தியமாக. அங்கே தரை பளபளவென்று இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தேன், அந்தப் பெண் ஓடிவந்து போட்டுக்கொள்ளச் சொன்னாள். "சார் டெலிவரிக்காவது வருவாருல்ல மேடம்?" "அதுக்கும் வரமாட்டார்." "ரொம்ப பிஸியோ?" "இப்பல்லாம் கூப்பிட்டாக்கூட வர்றதில்லம்மா" என்றேன். ஏதோ வீட்டில் சண்டை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. என் கையைத் தட்டிக்கொடுத்து, "ஆம்பளைங்களே அப்படித்தான் மேடம்" என்றாள்.

கேன்சல் என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. "பண்ணிக்கலாம் மேடம், ஆனா ஒரே ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து பாருங்க" என்றாள். உட்கார்ந்தேன். ஓட்டுகிறவர் சீட்டில் இல்லை, பக்கத்து சீட்டில். கதவைச் சாத்தினாள். தொப் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை அண்ணா. பஞ்சு மூட்டைக்குள் போட்டுக் கட்டின மாதிரி. தெருவில் அத்தனை வண்டிகள் போகின்றன, ஒன்றும் கேட்கவில்லை. வெளியே அந்தப் பெண் ஒவ்வொரு விரலாக மடக்கி ஏதோ வசதிகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், வாய் மட்டும் அசைகிறது. நான் சொன்னால் அவளுக்குக் கேட்குமா என்று பார்க்க, மெதுவாக "ஐயோ" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கொஞ்சம் சத்தமாக "ஐயோ" என்றேன். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அழுதேன் பாருங்கள் ஒரு அழுகை, இத்தனை மாதத்துப் பாக்கியும் சேர்ந்து வந்தது. அவள் பத்தாவது விரலை மடக்கி முடிக்கும்வரை அழுதேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "எமோஷனல் ஆயிட்டீங்களா மேடம்? முதல் வண்டின்னா எல்லாருக்கும் இப்படித்தான்" என்று டிஷ்யூ டப்பாவை நீட்டினாள். கேன்சல் செய்யப் போனவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். புக்கிங்கை என் பெயருக்கு மாற்றும்போதுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். 'ஆம்பளைங்களே அப்படித்தான்' என்று தான் சொன்னது நினைவுக்கு வந்து அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பாவம், எனக்கு இரண்டு குடையும் ஒரு சாவிக்கொத்தும் சும்மா கொடுத்து அனுப்பினாள்.

வண்டி வீட்டில் நிற்குமா என்று பார்க்காமல் வாங்கிவிட்டாயா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தேன் அண்ணா. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து ஷோரூமுக்கே மாட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். அந்தப் பெண் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, தோள், இடுப்பு, நீளம் மூன்றும் எடுத்தேன். கேட்டுக்குள்ளே காம்பவுண்டுச் சுவருக்கும் மாடிப்படிச் சுவருக்கும் நடுவில் உள்ள இடம் எனக்கு மனப்பாடம், ஜன்னல் திரைக்குத் துணி வெட்ட அங்கேதான் விரிப்பேன். கணக்குப் போட்டால் தையலுக்கு விடுகிற இடம்கூட மிச்சம் இருந்தது. சந்தோஷமாக வந்துவிட்டேன்.

டெலிவரி அன்று ஷோரூம் டிரைவர் டை எல்லாம் கட்டிக்கொண்டு வண்டியைக் கொண்டுவந்தார். பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டையும் மடக்கிவிட்டு உள்ளே நுழைத்தார். உறைக்குள் தலையணை போவது போல அவ்வளவு அழகாகப் போனது. நானே கைதட்டினேன். என்ஜினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். கதவு ஒரு விரல் அகலம் திறந்து சுவரில் முட்டி நின்றது. அந்தப் பக்கம் நகர்ந்துபோய் அந்தக் கதவைத் திறந்தார். அங்கே படிக்கட்டுச் சுவர். கண்ணாடியை இறக்கி, "மேடம், நான் எப்படி வெளியே வர்றது?" என்றார். "கொஞ்சம் இருங்க, யோசிக்கிறேன்" என்று உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து, படியில் நின்று எட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். குடித்தார். குடித்த பிறகும் அவர் உள்ளேதான் இருந்தார். "வண்டியை வெளியே எடுத்தா நான் இறங்கிடலாம் மேடம். ஆனா அப்புறம் உள்ளே யார் விடுறது?" என்று அவரே கேட்டார். தெருவில் விட்டால் குப்பை லாரி போகாது. கடைசியில் நான் பின்னாலிருந்து டிக்கியைத் திறக்க, அவர் சீட்டுகளைத் தாண்டித் தவழ்ந்து வந்தார். முதலில் ஷூ வந்தது, அப்புறம் டை வந்தது, கடைசியாக அவர் வந்தார். வந்ததும் முடியைச் சரிசெய்துகொண்டு, "டெலிவரி போட்டோ எடுக்கணும் மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றார்.

அவர் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. சட்டைக்கு அளவெடுத்தால் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தையல் படிக்க வந்த எத்தனை பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! இல்லையென்றால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கலாம், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது. அந்த நானே வண்டிக்குக் கையைத் தொங்கப்போட்டபடி அளவெடுத்துவிட்டேன். துணி என்றால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். சுவரை எப்படிப் பிரிப்பது?

ஆனால் போகப்போக அதுவும் நல்லதாகிவிட்டது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, டிக்கிக்குக் கீழே முக்காலியைப் போட்டு ஏறி, பின் சீட்டைத் தாண்டி, முன் சீட்டுக்கு வந்து சேர்வேன். முதல் நாள் வந்துசேர்ந்ததும் மூச்சு வாங்கியதில் அழக்கூட முடியவில்லை. இப்போது பழகிவிட்டது. ஓட்டுகிறவர் சீட்டில் நான் உட்காருவதில்லை, அது அவருடையது. அவருக்கும் ஓட்டத் தெரியாதுதான், இருந்தாலும். ஆனால் ஏசி வேண்டுமென்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்தச் சொல்கிறது வண்டி. அதனால் துணி அளக்கிற மீட்டர் கட்டையைக் கையோடு கொண்டுபோய், அதை நீட்டி பிரேக்கை அழுத்திக்கொள்கிறேன். அடுத்து டிங் டிங் என்று பெல்ட் போடச் சொல்லும். நகராத வண்டிக்கு எதற்கடி பெல்ட் என்றால் கேட்காது. சரி என்று பெல்ட் போட்டுக்கொண்டுதான் அழுகிறேன். அதுவும் ஒரு விதத்தில் சௌகரியமாகத்தான் இருக்கிறது. குனிந்து குனிந்து அழுதால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், பெல்ட் தாங்கிக்கொள்கிறது.

ஒரு நாள் "ஏங்க, இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று ஆரம்பித்தேன். கட்டை எந்தப் பொத்தானில் பட்டதோ, திடீரென்று ஒரு பெண் குரல், "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. தயவுசெய்து மறுபடியும் சொல்லுங்கள்" என்றது. பயத்தில் அழுகை நின்றே போய்விட்டது. அப்புறம், இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று மறுபடியும் சொன்னேன். "நீங்கள் எங்கே போக விரும்புகிறீர்கள்?" என்றது. "அவர் போன இடத்துக்கு" என்றேன். "அந்த இடம் வரைபடத்தில் கிடைக்கவில்லை. அருகிலுள்ள பெட்ரோல் பங்குகளைக் காட்டட்டுமா?" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அவர் போன பிறகு 'மறுபடியும் சொல்லுங்கள்' என்று என்னைக் கேட்ட ஒரே ஆள் அதுதான்.

வண்டிக்கு மேலே ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, வானத்தைப் பார்க்க. அது இருப்பதை நான் கவனிக்கவில்லை. இன்னொரு நாள் நடு அழுகையில் அண்ணாந்து பார்த்தால், மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து மாடிவீட்டம்மா குனிந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! கையை வேறு ஆட்டினார்கள். அடுத்த நிமிஷம் தடதடவென்று இறங்கி வந்துவிட்டார்கள். ஆனால் கதவுதான் திறக்காதே. இந்தப் பக்கச் சந்தில் கையை நுழைத்து இழுத்தார்கள், அந்தப் பக்கச் சந்தில் நுழைத்து இழுத்தார்கள், கடைசியில் நான் பூட்டியிருந்த டிக்கிப் பக்கம் வந்து கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு வெளியிலேயே அழ ஆரம்பித்தார்கள். உள்ளே நான் அழுகிறேன், வெளியே அவர்கள் அழுகிறார்கள், ஒருத்தர் சத்தம் ஒருத்தருக்குக் கேட்கவில்லை. அண்ணா, அன்றைக்குத்தான் அவர்கள் இறங்கி வந்த பிறகும் என் அழுகையை நானே முடித்தேன். ராத்திரி உட்கார்ந்து அந்த மேல் கண்ணாடிக்கு அழகாகச் சுருக்கம் வைத்து ஒரு திரை தைத்தேன். மறுநாள் அதை மாட்டப் போனால், உள்ளேயே ஒரு திரை இருக்கிறது, இழுத்தால் மூடிக்கொள்கிறது. தைத்தது வீணாகக்கூடாது என்று இரண்டையும் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு மாதம் ஆனதும் ஷோரூம் பெண் போன் செய்தாள். "வண்டி எப்படி ஓடுது மேடம்?" "ஓடலம்மா, நிக்குது. நல்லா நிக்குது." "எவ்வளவு கிலோமீட்டர் ஆச்சு?" "நீங்க கொண்டுவந்து விட்டப்ப எவ்வளவோ, அவ்வளவுதான்." "மைலேஜ் எப்படி மேடம், திருப்தியா?" எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மைலேஜ் எல்லாம் தெரியாதும்மா. அரை டேங்குக்கு ஒரு மாசம் அழலாம்" என்றேன். அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அதுக்கு ஃபார்ம்ல இடம் இல்ல மேடம். கம்ஃபர்ட்னு போட்டுக்கட்டுமா?" என்றாள். "போட்டுக்கோம்மா." "பத்துக்கு எத்தனை?" "பத்தும் போட்டுக்கோ."

இப்போது சொல்லுங்கள், இந்த வண்டியைத்தான் கொழுந்தன் கேட்கிறார். போன வாரம் வந்தவர் நேராக வண்டியின் கூரையைத்தான் பார்த்தார். "மேல ரெண்டு கம்பி இருக்கு பாருங்க அண்ணி. பைப்பை இதுல கட்டினா சும்மா பறக்கும்" என்றார். "எதுக்குத் தம்பி பறக்கணும்?" "பின்ன? நீங்க ஓட்டவும் மாட்டீங்க, ஓட்டவும் விடமாட்டீங்க. வண்டின்னா ஓடணும் அண்ணி. ஓடாத வண்டி வெறும் அலமாரி." "அலமாரியாவே இருந்துட்டுப் போகட்டும்." "பேட்டரி போயிடும், டயர் போயிடும், எலி வந்து வயரைக் கடிக்கும்." "எலி எப்படி உள்ளே போகும்? நானே முக்காலி போட்டுத்தான் ஏறுறேன்." "நீங்க எதுக்கு ஏறுறீங்க?" என்றார். அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் உடனே போய்க் குழாயைத் திருக ஆரம்பித்துவிடுவார். நான் முக்காலியை எடுத்து ஓரமாக வைக்கப் போனதும், "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன். உங்க அண்ணன்கிட்டயும் பேசிட்டேன்" என்று கிளம்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நாலு இடத்தில் வேலை, பைப்பைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறினால் யார் ஏற்றிக்கொள்கிறார்கள்? அவருக்கும் வண்டி வேண்டியதுதான். ஆனால் எனக்கு இது வண்டி இல்லை அண்ணா. இந்த வீட்டில் உள்ளிருந்து சாத்திக்கொள்ள எனக்கு இருக்கிற ஒரே கதவு அது. ஞாயிற்றுக்கிழமை அது போய்விட்டால் திங்கட்கிழமை மத்தியானம் நான் எங்கே போவேன்?

அதனால் இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும், முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தாலும் சரி, தடவிய கையோடு கொழுந்தனுக்குப் போன் செய்து, "வண்டி அங்கேயே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் தங்கை ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று சொல்லுங்கள். அழுகிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு. அவர்களுக்குத் தைத்து அனுப்பிய கவுன் இடுப்பில் பிடிக்கிறது என்றார்களாம். அளவு எடுத்தபோது எப்படி இருந்தார்களோ அப்படித்தான் தைத்திருக்கிறேன் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீங்கள் நூறு வயது நல்ல முழங்காலோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை இந்த ஒரு தடவை மட்டும் தட்டுகிற
தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தால், தாளின் இரண்டு பக்கமும் எழுதி ஓரத்திலும் எழுதியிருக்கிறேன், மனசு வரவில்லை. உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லையாம், அளவுக்கு இரண்டு பைப்பையும் தோளில் கொண்டுவந்திருந்தார். "சாவியைக் கொடுங்க அண்ணி, ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்கிறேன்" என்றார். கொடுத்துவிட்டேன், வேறு என்ன செய்வது. டிக்கி வழியாகத் தவழ்ந்து போய் நேராக ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார், அவருடைய அண்ணன் சீட்டில். கண்ணாடியெல்லாம் ஏறியது. நான் மிஷினில் போய் உட்கார்ந்து, எதைத் தைக்கிறேன் என்று தெரியாமல் ஒரு காலரைத் தைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரமாகியும் ஆள் வரவில்லை. திடீரென்று பாஆஆஆம் என்று ஹாரன். நிற்கவே இல்லை. ஓடிப்போய்ப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். நெற்றி ஹாரனில் இருக்கிறது. தலையைத் தூக்கி மூச்சு விடுவார், ஹாரன் நிற்கும். மறுபடி கவிழ்வார், மறுபடி பாஆஆம். தெருவே கூடிவிட்டது. மாடிவீட்டம்மா இறங்கி வந்து "என்னாச்சு, என்னாச்சு?" என்றார்கள். "ஹாரன் சரியா இருக்கான்னு பார்க்கிறார்" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன்.

அவராக முடித்துவிட்டு வெளியே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. துடைத்துக்கொள்ள ஒரு வெட்டுத்துணி கொடுத்தேன். கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அண்ணி" என்றார். "என்ன தம்பி?" "இந்தக் கலரை யாரு செலக்ட் பண்ணது?" "உங்க அண்ணன்தான்." "கேவலமா இருக்கு அண்ணி." எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் நானும் பார்த்தேன். பித்தம் கக்கின மாதிரி ஒரு பச்சை மஞ்சள், லைனிங் துணிக்குக்கூட யாரும் கேட்கமாட்டார்கள். "ஆமா தம்பி, ரொம்பக் கேவலமாத்தான் இருக்கு" என்றேன். "அவனுக்குக் கலரும் பார்க்கத் தெரியாது, மனுஷனும் பார்க்கத் தெரியாது அண்ணி. கூடப் பிறந்த தம்பி நான், அவன் பஸ்ல ஏறினா கைய நீட்டி டிக்கெட் கேட்பான்!" "என்கிட்டயும் கேட்டார் தம்பி, கல்யாணமான மறு வாரமே. பத்து பேருக்கு முன்னாடி, சில்லறையா இல்லன்னு திட்டு வேற." அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் விட்ட குறட்டை, கறிகாய் வாங்கத் தெரியாமல் வாங்கிவந்தது, உங்கள் வீட்டுக்கு வந்தால் தூங்குவதுபோல நடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவர் போனதிலிருந்து எல்லாரும் அவரைத் தங்கம், வைரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்களா, எனக்கு ஏதோ முன்பின் தெரியாத ஆளைப் பறிகொடுத்த மாதிரியே இருந்தது. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார்.

கொழுந்தன் வண்டியை எடுக்கவில்லை. பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, "வியாழக்கிழமை மத்தியானம் வரட்டுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதனால் நீங்கள் அவரிடம் ஒன்றும் பேச வேண்டாம். அடுத்த தடவை எனக்குப் போன் செய்யும்போது மட்டும் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு குறை தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லையென்றால் அண்ணியைக் கேளுங்கள், அவர்களிடம் நிறைய இருக்கும்.